பெயரை மாற்றினால் வேலை கிடைக்குமா?

ஊசலின் அலைவு நேரம் குண்டின் நிறையைப் பொறுத்ததா, நூலின் நீளத்தைப் பொறுத்ததா? இதையறிய ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை மாறாமல் வைக்கிறோம். வேலைச் சந்தையில் இது எளிதன்று. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு வேலையும் ஊதியமும் குறைவு. காரணம் படிப்பா, வசிப்பிடமா, முதலாளியின் மனமா? யாவும் பின்னிக் கிடக்கின்றன.

இம்முடிச்சை அவிழ்க்க மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் என்னும் பொருளியலாளர்கள் செய்த சோதனை 2004-இல் வெளியாயிற்று. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு அவர்கள் ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களையும், லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினத்தவர் பெயர்களையும் குலுக்கல் முறையில் இட்டார்கள். வெள்ளையர் பெயருக்கு நூற்றுக்கு 9.65 அழைப்புகள் வந்தன. கறுப்பினப் பெயருக்கு 6.45 மட்டுமே. அதாவது ஓர் அழைப்புக்கு முன்னவர் 10 விண்ணப்பங்களும் பின்னவர் 15-ம் அனுப்ப வேண்டும்!

எளிமையும் துணிவும் மிக்க சோதனை இது. ஆயினும், வாசகர்களே, அதன் எல்லைகளையும் காண்போம்.

முதலாவது, மாறியது இனம் ஒன்றுதானா? பெயர் குடும்பத்தின் ஏழ்மையையும் உணர்த்தக்கூடும். ஆசிரியர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஐயம் முற்றும் தீரவில்லை. இரண்டாவது, அளக்கப்பட்டது அழைப்பே, ஊதியமன்று.

மூன்றாவது, தகுதி பற்றியது. தகுதி மிகுந்த விண்ணப்பத்தால் வெள்ளையர் பெயருக்கான அழைப்பு 8.5-இலிருந்து 10.8 ஆயிற்று; கறுப்பினப் பெயருக்கு 6.2-இலிருந்து 6.7 தான். இப்பின்னைய உயர்வு பிழை வரம்புக்குள் அடங்குகிறது. எனவே "தகுதியால் பயனே இல்லை" என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. "தகுதியை வளர்த்தால் வேற்றுமை தானே மறையும்" என்பாருக்கும் இதில் ஆதாரமில்லை.

நான்காவது, சராசரி பலவற்றை மறைக்கும். 2022-இல் வெளியான கிளைன், ரோஸ், வால்டர்ஸ் ஆய்வு, 108 பெரு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 83,000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தது. அதில் வேற்றுமை சிறியதாகவே தெரிந்தது. ஆனால் கறுப்பினத்தவர் இழந்த அழைப்புகளில் ஏறக்குறைய பாதிக்கு நிறுவனங்களில் ஐந்தில் ஒரு பங்கே காரணம். நோய் உடலெங்கும் பரவியிருப்பதற்கும் ஓரிடத்தில் குவிந்திருப்பதற்கும் மருந்து வேறல்லவா?

இக்குறைகளால் சோதனை வீழ்ந்துவிடவில்லை. ஒரே தகுதிச் சான்று, பெயர் மாறியதும் வேறு மதிப்புப் பெற்றது என்பது உறுதி. அவ்வேற்றுமையின் எடை எவ்வளவு, எங்கே என்பதையே அடுத்த சோதனைகள் அளக்கவேண்டும். ஊதியம் பற்றிய எண் எதைக் கண்டாலும், மாணவர்களே, முதலில் கேளுங்கள்: எது மாற்றப்பட்டது? எது மாறாமல் நின்றது?