கற்பித்தலும் உரையாடலும்

பல்கலைக்கழக விரிவுரையாளர் தம் துறையில் ஆழ்ந்த புலமையுடையராதல் வேண்டும் என்பது நெடுங்காலக் கொள்கை. அப்புலமையைப் பிறர்க்கு உணர்த்தும் முறையையும் அவர் பயிலல் வேண்டும் என்பது பின்னெழுந்த வற்புறுத்தல். 1993 ஆம் ஆண்டில் டயனா லோரிலாட் ஆங்கிலத்தில் எழுதிய ‘பல்கலைக்கழகக் கற்பித்தலை மீள நோக்குதல்’ என்னும் நூல் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

கோடன் பாஸ்க் என்பாரின் உரையாடற் கொள்கையைத் தழுவி அவர் நிறுவும் கருத்து எளியது. ஆசிரியர் ஒன்றை விளக்குகின்றார்; மாணவர் தாம் விளங்கிக்கொண்டவாறு மறுமொழி கூறுகின்றார்; அதனைக் கேட்ட ஆசிரியர் தம் விளக்கத்தைத் திருத்தியமைக்கின்றார். வினாதலையும் விடுத்தலையும் கற்றலின் கூறாகக் கொண்ட நன்னூலைப் பயின்றார்க்கு இஃது முற்றும் புதிதன்று. அச்சு, ஒலி, ஒளி, கணினி ஆகிய சாதனங்களுள் எது இவ்வுரையாடலின் எப்பகுதியைத் தாங்கும் என ஒரே அளவுகோலால் அளந்து காட்டுவதே நூலின் தனிச்சிறப்பு.

நாடு கடந்து கூடும் பல்கலைக்கழகங்கள் அந்நூலின் முதன்மைப் பொருளல்ல. எனினும் அவ்வளவுகோலை ஆண்டும் இடுதல் தகும். ஒரு நாட்டார் ஆக்கிய பயிற்சிநெறியைப் பிறநாட்டு விரிவுரையாளர் இணையவழிப் பெறுவதோடு அமையின், அது வானொலிச் சொற்பொழிவேயன்றி உரையாடலாகாது. 1858 இல் இலண்டன் பல்கலைக்கழகம் தொடக்கிய வெளிவாரிப் பட்டத்தால் ஈழத்தவர் பலர் உயர்ந்தனர். ஆயினும் பாடத்திட்டத்தை வகுத்தவர் இலண்டனிலேயே இருந்தனர்.

2005 இல் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகமும் ஆபிரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கூடித் தொடங்கிய ஆசிரியக் கல்வி முயற்சி வேறு வழி காட்டிற்று. பள்ளி ஆசிரியர்க்கென எழுந்த அப்பாடங்களை கானா, நைஜீரியா, உகண்டா, தன்சானியா முதலிய நாடுகளின் கல்வியாளர் தத்தம் சூழலுக்கேற்ப மாற்றியமைத்தனர். ஆங்கிலம், பிரெஞ்சு, அறபு, சுவாகிலி ஆகிய 4 மொழிகளில் அவை வெளிவந்தன. மாற்றிப் பயன்படுத்தும் உரிமையும் யாவர்க்கும் வழங்கப்பட்டது.

இது பெரும்பேறே. ஆயினும் எடுத்துக்காட்டை மாற்றுதல் உரையாடலின் பாதியேயாம். பெற்றவர் கூறும் மறுமொழியால் ஆக்கியவரின் மூலமும் திருந்துதல் மற்றைப் பாதி. அது நிகழாதவிடத்து ஒருசாரார் என்றும் ஆசிரியராகவும் மறுசாரார் என்றும் மாணவராகவுமே நிற்பர். அனுபவம் மிக்க விரிவுரையாளர்க்கு அந்நிலை தகாது. எத்துணைப் பேர் பயின்றனர் என்பதினும், பயின்றோர் சொல்லால் யாது திருந்திற்று என்பதே இத்தகைய கூட்டுறவுக்கு உரைகல்லாம்.