முதல் மேடையும் பன்னிரண்டு வாரத் திட்டமும்

வலுதூக்குதல் போட்டி என்பது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஆகிய மூன்று தூக்கல்களால் ஆனது. பாரத்தைத் தோளில் தாங்கிக் குந்தி எழுவது முதலாவது. பலகையில் மல்லாந்து படுத்து, கம்பியை மார்புவரை இறக்கி மேலே தள்ளுவது இரண்டாவது. தரையில் கிடப்பதைக் குனிந்து பற்றி நிமிர்ந்து நிற்பது மூன்றாவது. ஒவ்வொரு தூக்கலுக்கும் மூன்று வாய்ப்புகள் உண்டு; மூன்றிலும் செல்லுபடியான மிகப்பெரிய எடைகளைக் கூட்டிவரும் தொகையே போட்டியாளரின் மொத்தம். 1972இல் உருவான அனைத்துலக வலுதூக்குதல் சம்மேளனத்தின் விதிநூல் இதன் ஒவ்வோர் அசைவையும் வரையறுக்கிறது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் போன்ற குடியிருப்பு வட்டாரங்களில், உடற்பயிற்சி நிலையத்தில் ஓரிரு ஆண்டுகள் பழகிய இளைஞரும் இளம்பெண்ணும் முதன்முதலாக மேடையேற முடிவெடுக்கும்போது, அவர்கள் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பன்னிரண்டு வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றுதான். அந்தத் திட்டத்தின் அடிப்படைக் கருத்து வலுவானது. ஆனால் முதல் போட்டியில் ஒருவரை வீழ்த்தக்கூடிய காரணங்களுள் பெரும்பாலானவற்றை அது தொடுவதே இல்லை என்பதுதான் இங்கு ஆராயப்படும் கருத்து.

திட்டத்தின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். உடற்பயிற்சி அறிவியலாளர் எரிக் பானிஸ்டரும் அவருடைய சகாக்களும் 1975இல் முன்வைத்த கருத்துப்படி, ஒவ்வொரு பயிற்சியும் உடலில் திறனையும் களைப்பையும் ஒருசேர விதைக்கிறது. களைப்பு விரைவில் வடிகிறது, திறன் மெதுவாகத் தேய்கிறது. ஆகவே போட்டிக்கு முந்தைய ஓரிரு வாரங்களில் பயிற்சியின் அளவைக் கணிசமாகக் குறைத்து, கம்பியில் ஏற்றும் எடையை மட்டும் ஓரளவு கனமாகவே வைத்திருந்தால், மறைந்திருந்த திறன் போட்டி நாளில் வெளிப்படும். முதல் வாரங்களில் நடுத்தர எடையில் அதிக முறை, பிறகு கனத்த எடையில் குறைந்த முறை, கடைசியில் தளர்வு என்று திட்டம் அமைவதற்கு இதுவே காரணம். தானாகப் பயிலும் ஒருவர் வாரந்தோறும் தம் உச்ச எடையைச் சோதித்துப் பார்த்து மூட்டுகளை நோகடித்துக்கொள்வதிலிருந்து இந்த ஒழுங்கு அவரைக் காக்கிறது. போட்டிக்கு மூன்று நாள் முன்புகூட நம்பிக்கைக்காக ஒருமுறை முழு எடையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தோடு ஒப்பிட்டால், எந்தத் திட்டமும் அதைவிட மேல்.

குறை தொடங்குவது திட்டத்தின் கணக்கில். வாராவாரம் எவ்வளவு ஏற்றுவது என்பதை அது உச்ச எடையின் விழுக்காடாகவே சொல்கிறது. உச்ச எடை என்பது ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடை. பல்லாண்டு அனுபவமுள்ளவருக்கு அந்த எண் ஓரளவு நிலையானது. புதியவருக்கோ அது மாதத்துக்கு மாதம் மாறும். அதைவிட முக்கியமாக, அவர் தமது உச்சம் என்று நம்பும் எடை பெரும்பாலும் போட்டி விதிப்படி எடுக்கப்பட்டதாக இருக்காது. ஸ்குவாட்டில் இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடத் தாழ வேண்டும் என்பது விதி. கண்ணாடியை முன்னால் வைத்துப் பழகியவருக்குத் தாம் எவ்வளவு தாழ்கிறோம் என்பது தெரிவதில்லை, ஏனெனில் அதைப் பக்கவாட்டிலிருந்துதான் காண முடியும். அரை ஆழத்தில் எடுத்த 140 கிலோவை அடிப்படையாகக் கொண்டு பன்னிரண்டு வாரம் கணக்கிட்டால், கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் விடை தவறாகவே வரும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையானது. மேடையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். போட்டியாளர் பலகையில் படுத்து, கம்பியைத் தாங்கியிலிருந்து எடுத்து, கைகளை நீட்டிப் பிடிக்கிறார். தலைமை நடுவர் ‘ஸ்டார்ட்’ என்ற பிறகே இறக்கத் தொடங்கலாம். கம்பி மார்பைத் தொட்டு முற்றிலும் அசைவற்று நின்றதை நடுவர் கண்டபின்தான் ‘பிரஸ்’ என்ற கட்டளை வரும். அதன்பின்தான் தள்ள வேண்டும். கைகள் முழுமையாக நிமிர்ந்த பின் ‘ரேக்’ என்ற சொல்லுக்காக மீண்டும் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் தலையோ தோளோ இடுப்போ பலகையை விட்டு எழக்கூடாது, பாதம் தரையை விட்டு எழக்கூடாது. மார்பில் கம்பி நிற்கும் அந்த ஒரு விநாடி, பயிற்சி நிலையத்தில் மார்பைத் தொட்டவுடன் துள்ளலோடு மேலே தள்ளிப் பழகியவருக்கு மிக நீண்டதாகத் தோன்றும். துள்ளலில் கிடைத்த உதவி இல்லாமல் போவதால் 90 கிலோ என்று நம்பியது 82.5 கிலோவிலேயே அசைய மறுக்கலாம். ‘பிரஸ்’ சொல்லுக்கு முன்பே தள்ளிவிட்டால் எடை எவ்வளவு எளிதாக மேலே போனாலும் சிவப்பு விளக்குதான். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்கு காட்டினால்தான் தூக்கல் செல்லும்.

மலேசியாவுக்கு இந்த ஒரு விநாடி புதிதன்று. சரவாக்கைச் சேர்ந்த போனி புன்யாவ் கஸ்தின், 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் 72 கிலோ பிரிவில் 228 கிலோவையும், 2024இல் பாரிசில் 232 கிலோவையும் தூக்கித் தங்கம் வென்றார். மாரியப்பன் பெருமாள் உள்ளிட்ட மலேசிய வீரர்கள் அவருக்கு முன்பே பாராலிம்பிக் மேடையேறிய பாரா வலுதூக்குதலில் பெஞ்ச் பிரஸ் மட்டுமே உண்டு. மார்பில் பாரம் அசைவற்று நிற்பது அங்கும் விதி. நாட்டின் மிகப் பெரிய வெற்றிகளுள் சில இந்த நிற்றலின் மேல் எழுந்தவை என்றிருக்க, புதியவரின் திட்டத்தில் அதற்கென ஒரு வரிகூட இல்லாதிருப்பது வருந்தத்தக்கது.

அடுத்தது முதல் வாய்ப்புக்கான எடையைத் தேர்வது. மூன்று வாய்ப்பும் தவறினால் அந்தத் தூக்கலில் மதிப்பெண் இல்லை. மூன்று தூக்கல்களில் ஒன்று தவறினாலும் மொத்தமே இல்லை. ஒருமுறை அறிவித்த எடையை அடுத்த வாய்ப்பில் குறைக்கவும் முடியாது. எனவே பயிற்றுநர்கள் வழக்கமாகச் சொல்வது: பயிற்சியில் மூன்று முறை சிரமமின்றித் தூக்கக்கூடிய எடையில் தொடங்கு. இந்த அறிவுரை மிகச் சரியானது. ஆனால் இதன் நீட்சியாக, ஒன்பது வாய்ப்புகளையும் வெள்ளை விளக்கோடு முடிப்பதே முதல் போட்டியின் இலக்கு என்ற கருத்தும் பரவியிருக்கிறது. அதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். ஒன்பதும் செல்வது புதியவருக்குப் பெரும் நம்பிக்கை தரும், மேடையின் ஒழுங்கு அவருக்கு உடலோடு ஒட்டிவிடும். ஆனால் எல்லாவற்றையும் பாதுகாப்பாகவே வைத்திருப்பவர் மேடையில் தம் எல்லை எங்கே என்பதை அறியாமலே வீடு திரும்புவார். முதல் இரண்டு வாய்ப்புகள் உறுதியாகவும், மூன்றாவது உண்மையான முயற்சியாகவும் இருப்பதே நியாயமான நடுவழி. ஸ்குவாட்டில் 120, 130 என்று ஏறியவர் 137.5ஐக் கேட்டு அது தவறினாலும் 130 அவர் கணக்கில் நிற்கும். டெட்லிஃப்ட்டில் கூடுதல் துணிச்சல் காட்டலாம், ஏனென்றால் அதற்குப் பின் காக்க வேண்டிய எதுவும் இல்லை.

இதுவரை சொன்னவை திறனை வீணாக்கும் குறைகள். உடல் எடையைத் திடீரெனக் குறைக்கும் வழக்கமோ உயிரோடு விளையாடுவது. ஆண்களுக்கு 59, 66, 74, 83 என்று தொடரும் எடைப் பிரிவுகளில், 76 கிலோ உள்ளவர் 74இல் நின்றால் தமக்கு நல்லது என்று எண்ணி, கடைசி நாள்களில் உப்பையும் நீரையும் விலக்கி, வெப்ப அறையில் அமர்ந்து வியர்த்து இறங்குகிறார். அமெரிக்கக் கல்லூரிகளில் 1997இன் இறுதியில் ஏறத்தாழ ஒரே மாதத்துக்குள் மூன்று மல்யுத்த மாணவர்கள் இப்படி எடை குறைக்கும் முயற்சியில் இறந்த பிறகே அங்கே விதிகள் மாற்றப்பட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிக்குத் தகுதி பெற்ற மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட், இரவெல்லாம் முயன்றும் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேர்ந்த மருத்துவக் குழு உடனிருந்தவருக்கே நேர்ந்தது அது. பினாங்கின் புழுக்கத்தில், நீரிழப்பு எந்த முயற்சியுமின்றியே நிகழும் ஊரில், தனியாக இதைச் செய்பவரின் நிலை மேலும் கடினம். அனைத்துலக விதிப்படி எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் தொடங்குகிறது. இழந்த நீரை மீட்க அந்த நேரம் போதாது. இத்தனைக்கும் புதியவர் முன் சாதனையோ தேர்வோ இல்லை. இருக்கும் எடையில் 83 கிலோ பிரிவில் நிற்பதால் அவர் இழப்பது ஒன்றுமில்லை. ஆதலால் முதல் போட்டிக்கு எடை குறைப்பதை ஆதரிக்க எந்த நல்ல காரணமும் இல்லை என்றே துணிந்து சொல்லலாம்.

உணவைப் பற்றி இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் திட்டங்கள் கோழிமார்பையும் முட்டையையும் எண்ணி எழுதப்பட்டவை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுப்பவர் பல வாரம் சைவ விரதம் இருப்பார். ரமலானில் நோன்பிருப்பவர் பகலில் நீரும் அருந்தமாட்டார். இவற்றை இடையூறாகக் கருதித் திட்டத்திலிருந்து தள்ளிவைப்பது முறையன்று. பருப்பு, தயிர், தௌஃபு, தெம்பே ஆகியவற்றைக் கொண்டு புரதத் தேவையை நிறைவு செய்யலாம்; நோன்புக் காலத்தில் கனத்த பயிற்சியை இஃப்தாருக்குப் பின்னான நேரத்துக்கு மாற்றலாம். நாட்காட்டியைப் பார்த்துப் போட்டியைத் தேர்ந்தெடுப்பதே இவையனைத்தையும்விட எளிய வழி.

வட்டாரப் பழக்கம் ஒன்றும் கவனத்துக்குரியது. 1962இல் கட்டி முடிக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு ஏறும் சாலை, காலை நடைக்கும் ஓட்டத்துக்கும் பெயர்பெற்றது. அந்தச் செங்குத்து ஏற்றம் இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது. ஆனால் போட்டிக்கு முந்தைய வாரத்தில் அது தொடைகளிலும் கெண்டைக்கால்களிலும் களைப்பை ஏற்றி, தளர்வுக் காலத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடும். மெதுவான சமதள நடையே அப்போது போதும்.

கருவிகளைப் பொறுத்தவரை குறை திட்டத்தினுடையதன்று, சூழலினுடையது. போட்டிக் கம்பி 20 கிலோ, இருபுறப் பூட்டுகளும் சேர்ந்து 5 கிலோ; 100 கிலோ என்று அறிவித்தால் ஒவ்வொரு பக்கமும் 25, 10, 2.5 கிலோத் தகடுகள் ஏறும். சாதாரண நிலையங்களின் கம்பிகளோ தடிமனிலும் எடையிலும் வேறுபடும். டெட்லிஃப்ட்டுக்கு முழங்காலுக்குக் கீழ்வரை எட்டும் நீளக் காலுறை கட்டாயம் என்பதும், சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஊக்கமருந்து விதிக்கு எதிரானது என்பதும் பலருக்குக் கடைசி நாளில்தான் தெரியவருகின்றன.

மேடைக்குப் பின்னால் நிற்கும் துணையாள் பற்றியும் திட்டங்கள் பேசுவதில்லை. ஒரு தூக்கல் முடிந்த ஒரு நிமிடத்துக்குள் அடுத்த எடையை மேசையில் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்துப் பதினான்கு பேர் கொண்ட குழுவில் தம் முறை எப்போது வரும் என்று கணக்கிட்டு, வெப்பமேற்றும் பயிற்சியைச் சரியான நேரத்தில் முடிக்கவும் வேண்டும். களைப்பும் பரபரப்பும் கொண்ட புதியவரால் இரண்டையும் தனியே கவனிக்க இயலாது. ஏற்கெனவே போட்டியிட்ட ஒருவர் உடனிருந்தால் இந்தச் சுமை முழுவதும் அவர் தோளுக்கு மாறிவிடும்.

ஆகவே பயிற்சி நிலையங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, ஐந்து அல்லது ஆறு வாரங்களுக்கு முன்பே ஓர் ஒத்திகைப் போட்டி நடத்துவது. மூன்று நாற்காலிகளில் மூவரை அமர்த்தி, கட்டளைகளை உரக்கச் சொல்லி, பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் கைப்பேசியை வைத்து ஆழத்தைப் பதிவுசெய்து, ஒரு நிமிடக் கெடுவோடு எடைச் சீட்டு எழுதச் செய்தால், பன்னிரண்டு வாரத் திட்டம் விட்ட இடங்களெல்லாம் ஒரே மாலையில் வெளிப்படும். அங்கே தள்ளுபடியாகும் தூக்கல்களைக் கொண்டே மீதி வாரங்களுக்கான எடைகளை மறுபடி கணக்கிட வேண்டும்.