பெட்டி சொல்லும் லீற்றர் கணக்கு

கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறவருக்குக் கடையிலும் நண்பர் வீட்டிலும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "தொட்டி இருநூறு லீற்றர் என்றால் நானூறு லீற்றர் ஸ்கிம்மர் வாங்குங்க." எந்த மீன், எந்த முருகை என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கூட இந்த வாக்கைக் கேள்வி கேட்பதில்லை. பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, அது தன் தொட்டியைப்போல் இரண்டு மடங்கா என்று சரிபார்த்து, காசைக் கொடுத்துவிட்டு வருகிறார். இந்த வழக்கத்தில் கொஞ்சம் அனுபவ அறிவு இருக்கிறது. நிறையச் சோம்பலும் இருக்கிறது. மலைக்கு நடுவே கடலை வளர்க்கும் கண்டிக்காரர் இரண்டையும் பிரித்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். தொட்டித் தண்ணீர் கெட்டால் கொழும்பில் இருப்பவர் கேன்களை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகலாம். கண்டியில் அந்தக் கொடுப்பினை இல்லை.

ஸ்கிம்மர் என்ற நுரைவடிகட்டி செய்யும் வேலை விளங்கினால் பாதிக் குழப்பம் தீரும். மீனின் கழிவு, மிஞ்சிய தீனி, முருகை உமிழும் சளி இவற்றிலிருந்து நீரில் கரையும் சேதனப் பொருள்கள் பலவற்றுக்கு இரட்டைக் குணம் உண்டு. மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். காற்றுக்குமிழி ஒன்று பக்கத்தில் வந்தால், வெறுக்கும் முனையைக் காற்றுக்குள் நீட்டிக்கொண்டு குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஓர் உருளைக்குள் இப்படி எண்ணற்ற நுண்குமிழிகளை எழுப்பினால், நுரை கழுத்து வழியே ஏறிக் கோப்பையில் கபில நிறச் சாறாக விழும். உப்புநீரில் குமிழிகள் எளிதில் ஒன்றுசேராமல் சிறியனவாகவே நிற்கும். நன்னீரில் சேர்ந்து பெருத்துவிடும். தங்கமீன் தொட்டிக்கு ஸ்கிம்மர் உதவாததன் காரணம் அதுதான். காற்று பலமான நாளில் திருகோணமலைக் கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் மங்கல் நுரையைப் பார்த்திருப்போம். கடல் தன்னைத் தானே வடித்துக்கொண்ட அடையாளம் அது.

இப்போது பெட்டியின் எண்ணுக்கு வருவோம். அந்த லீற்றர் கணக்குக்கு உற்பத்தியாளர் எல்லாரும் ஏற்றுக்கொண்ட பொது அளவுகோல் எதுவும் கிடையாது. அதைவிடப் பெரிய பிழை, ஸ்கிம்மர் தண்ணீரின் அளவை அறியாது என்பது. அது அறிவது தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கை மட்டுமே. இரண்டு கோமாளி மீனும் நாலு மென்முருகையும் உள்ள 200 லீற்றரும், நாளுக்கு மூன்று தரம் தீனி தின்னும் ஐந்து பெரிய மீன்கள் உள்ள 200 லீற்றரும் பெட்டிக்கு ஒன்று. ஸ்கிம்மருக்கு அவை இரண்டு வேறு உலகங்கள். முதல் தொட்டியில் இரட்டை அளவுக் கருவியை வைத்தால் என்ன ஆகும்? அகன்ற கழுத்தில் நுரை நிலைத்து நின்று ஏற, போதிய சேதனப் பொருள் வேண்டும். அது இல்லாதபோது நுரை பாதிவழியில் உடைந்து கீழே விழும். கோப்பை நாட்கணக்கில் வெறுமையாக இருக்கும். பிறகு பெரிய தீனி போட்ட ஓர் இரவில் சட்டென்று பொங்கும். பெரிது என்று வாங்கியது சிறியதைவிடக் குறைவாக வேலை செய்யும். "இரண்டால் பெருக்கு" என்ற விதி உடைகிற இடம் இது.

ஆனாலும் அந்த விதிக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. தொட்டியின் உயிரியல் வடிகட்டிகள் அழுக்கு அழுகி அமோனியாவான பிறகே அதைக் கையாளுகின்றன. அழுகுவதற்கு முன்பே நீரைவிட்டு வெளியேற்றுவது ஸ்கிம்மர்தான். கல்லுக்குப் பின்னால் ஒரு மீன் செத்துக் கிடப்பதை நாம் கவனிக்காத இரண்டு நாட்களில், அந்தச் சுமையைத் தாங்க அதற்குக் கொஞ்சம் உபரி வலிமை வேண்டும். அந்த உபரியை மனதில் வைத்தே பழைய வளர்ப்பாளர்கள் "பெரிதாக வாங்கு" என்றார்கள். அறிவுரை பிழையானதல்ல, அதைச் சொல்லப் பிடித்த எண்தான் பிழை.

அந்த உபரிக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். நீரிலுள்ள மொத்தச் சேதனக் காபனில் ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதம் வரைதான் அவற்றால் எடுக்க முடிந்தது. மிச்சம் குமிழியில் ஒட்டும் குணமில்லாத பொருள். எத்தனை மணிநேரம் ஓட்டினாலும் அது நீரிலேயே இருக்கும். அவர் சோதித்த கருவிகளுக்கு இடையே சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடும் தெரியவில்லை. விலையேறிய கருவி ஓசையின்றி ஓடலாம், பல வருடம் உழைக்கலாம், துப்புரவு செய்ய இலகுவாக இருக்கலாம். அதற்காக மூன்று மடங்கு விலை கொடுப்பது அவரவர் விருப்பம். மூன்று மடங்கு சுத்தம் கிடைக்கும் என்று நம்பிக் கொடுத்தால் அது ஏமாற்றம்.

ஸ்கிம்மரே வேண்டாம் என்ற மரபும் ஆசியாவில் இருந்தது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் எழுதிய கட்டுரையில், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கல்லும் மெல்லிய காற்றுக்குமிழியும் மட்டும் வைத்து முருகைகளை வளர்த்ததை விவரித்தார். பிற்காலத்தில் பெர்லின் வளர்ப்பாளர்கள் அதே உயிர்க்கல்லோடு வலுவான ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். 'பெர்லின் முறை' என்று உலகம் முழுக்கப் பரவியது அது. இரண்டு முறைக்கும் பொதுவானது கல். அந்தக் கல்லின் துளைகளில் வாழும் பற்றீரியாக்கள்தான் உண்மையான வேலைக்காரர்கள்.

இலங்கையில் அந்தக் கல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 1981ஆம் ஆண்டுக் கரையோரம் பேணல் சட்டமும் அதன் 1988 திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதைத் தடுக்கின்றன. சுண்ணாம்புக்காக முருகைப் பார்களை உடைத்துக் கரை அரித்துப்போன கதையின் விளைவு அந்தச் சட்டம். 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்களிலும் ஆழமற்ற இடத்து முருகைகள் வெளுத்து மடிந்ததைப் பார்த்த பிறகு, ஒரு கூடைக் கல்லைக்கூட நியாயப்படுத்த முடியாது. ஆகவே மனசாட்சியுள்ள கண்டிக்காரர் உலர்ந்த செயற்கைக் கல்லில்தான் தொட்டியைத் தொடங்குவார். அதில் உயிர் குடியேற மாதங்கள் ஆகும். அதுவரை சுமையில் கூடுதல் பங்கு ஸ்கிம்மரின் தலையில். பெர்லினில் துணைக் கருவியாக இருந்தது இங்கே முதல் வருடத்துக்காவது முதன்மைக் கருவியாகிவிடுகிறது. வெளிநாட்டு ஆலோசனைகளை அப்படியே எடுத்தாள முடியாததற்கு இது ஒரு காரணம்.

அடுத்த காரணம் உப்பு. 200 லீற்றர் தொட்டியில் வாரம் பத்துச் சதவீதம் நீர் மாற்றினால் 20 லீற்றர். லீற்றருக்கு 37 கிராம் வீதம் வாரத்துக்கு 740 கிராம். வருடத்துக்கு ஏறத்தாழ 38 கிலோ இறக்குமதி உப்பு. ஸ்கிம்மர் ஒழுங்காக வேலை செய்தால் நீர் மாற்றுவதை ஓரளவு தள்ளிப் போடலாம். டொலர் விலை ஏறிய பின்பு இது சிறிய இலாபமல்ல. ஆனால் அதே கருவி உப்பைத் திருடவும் செய்யும். நுரையை ஈரமாக வழியவிட்டு நாளுக்கு அரை லீற்றர் கோப்பையில் சேர்ந்தால், மாதத்தில் 15 லீற்றர் உப்புநீர் போகிறது. அந்த இடத்தைத் தானியங்கிக் குழாய் நன்னீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 32.5க்கு இறங்கிவிடும். கண்டியில் நுரையைக் கொஞ்சம் உலர்வாக, கெட்டியாக ஏறவிடுவதே சிக்கனம். அதற்குக் கருவியின் அளவைவிட நீர்மட்டத்தை நுட்பமாகச் சரிசெய்யும் திருகு முக்கியம்.

உயரத்தைப் பற்றி ஒரு கவலை கேட்கலாம்: கண்டி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே இருக்கிறது, காற்றழுத்தம் ஐந்தாறு சதவீதம் குறைவு, நீரில் ஒட்சிசனும் அந்த விகிதத்தில் குறையாதா? குறையும். ஆனால் ஒட்சிசன் குளிர்ந்த நீரில் கூடுதலாகக் கரையும். 29 பாகையில் வெதுவெதுக்கும் கொழும்புத் தொட்டியும் 25 பாகையில் இருக்கும் கண்டித் தொட்டியும் லீற்றருக்கு 6.3, 6.4 மில்லிகிராம் என்று கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மலை எடுத்ததைக் குளிர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உயரத்துக்காகப் பெரிய ஸ்கிம்மர் வாங்கத் தேவையில்லை.

நீருக்கு ஒட்சிசன் ஊட்டுவது ஸ்கிம்மரின் இரண்டாவது தொழில். அதன் அருமை அது நிற்கும்போதுதான் தெரியும். 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு சிக்கியதால் நாடே இருண்டது என்றார் மின்சக்தி அமைச்சர். இந்த நாட்டில் ஸ்கிம்மர் வாங்குகிறவர் பெட்டியில் பார்க்க வேண்டிய முதல் எண் லீற்றர் அல்ல, வோட்ஸ். 20 வோட்ஸ் பம்பு ஒன்றை 100 அம்பியர்-மணி கார் பற்றரி, இன்வேர்ட்டர் இழப்பும் போக, ஒரு நாள் அளவுக்கு ஓட்டும். 40 வோட்ஸ் என்றால் பாதி நாள். பற்றரியில் நேரடியாக ஓடும் நேரோட்ட பம்பு உள்ள கருவி இங்கே கூடுதல் விலைக்குத் தகுதியானது. மின்கட்டணத்திலும் இதே கணக்கு: 20 வோட்ஸ் மாதத்துக்கு 14 அலகுக்கு மேல். 30, 60, 90 என்று படிப்படியாக ஏறும் நம் கட்டண முறையில் அந்த 14 அலகு ஒரு வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். கரண்ட் திரும்பி வரும் வேளையையும் மறக்கக் கூடாது. தேங்கிய அழுக்கோடு நுரை திடீரென்று பொங்கிக் கோப்பை வழியும் வேளை அது. சம்ப் என்ற கீழ்த்தொட்டியில் மேலதிக இடம் விட்டிருக்க வேண்டும்.

பெட்டியில் எழுதாத இன்னொரு விஷயம் காற்று. ஸ்கிம்மர் அறையின் காற்றை இடைவிடாமல் உறிஞ்சி நீருக்குள் ஊதுகிறது. நுளம்புச்சுருளும் நுளம்புத் தெளிப்பும் நம் வீடுகளில் சாதாரணம். அவற்றிலுள்ள பைரித்ரொயிட் வகை நஞ்சு மனிதரைப் பெரிதாகப் பாதிக்காது. மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் நண்டுக்கும் அது எமன். சாம்பிராணியும் அந்தக் குழாய் வழியே போகும். மார்கழிக் குளிரில் சன்னலை அடைத்தால் வீட்டார் விடும் கரியமிலவாயு நீரை அமிலத்தன்மைப் பக்கம் இழுக்கும். காற்றுக்குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவது உலகெங்கும் சொல்லப்படும் தீர்வு. ஆனால் மலைகள் சூழ்ந்த கிண்ணமான கண்டி நகருக்குள், பஸ் புகை அடங்காத வீதியோரத்தில் அந்தத் தீர்வே வேறொரு சிக்கல். பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் தோட்டம் சூழ்ந்த வீட்டுக்கு அது பொருந்தும். நகர நடுவில் காற்றுக்குழாயின் வாயில் கரித்தூள் வடிகட்டி வைப்பது மேல்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு என் முடிவு இது. நூறு லீற்றருக்குக் குறைந்த தொட்டிக்கு ஸ்கிம்மர் கட்டாயமல்ல. அங்கே வார நீர்மாற்றம் மலிவு, ஒரு காற்றுக்கல் போதும். அதற்கு மேல், மீனின் தொகையையும் தீனியின் அளவையும் வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீன் குறைவென்றால் பெட்டி எண் தொட்டியின் அளவுக்குச் சரியாக இருந்தாலே போதும். பசித்த மீன்கள் பல என்றால் ஒன்றரை மடங்கு. இரண்டு மடங்குக்கு அவசியம் அரிது. உறிஞ்சித் தள்ளி நீரை மிகையாகச் சுத்தமாக்கினால் முருகை ஊட்டமின்றி வெளிறிப் போவதும் உண்டு. புதிய கருவி ஓரிரு வாரம் முரண்டு பிடிக்கும். அதை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. கழுத்தை வாரம் இருமுறை துடைக்க மனமில்லாதவருக்கு எந்த அளவும் உதவாது. எண்ணெய்ப் படிவம் ஏறிய கழுத்தில் நுரை நிற்காது.

ஆகவே கடையில் போய் "எத்தனை லீற்றருக்கு?" என்று கேட்பதை விட்டுவிடலாம். "எத்தனை வோட்ஸ், சம்பில் எவ்வளவு உயரத் தண்ணீர் வேண்டும், கழுத்து கழற்றிக் கழுவ வருமா, பம்பு பழுதானால் உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா?" என்று கேட்கலாம். விற்பவர் பதில் சொல்லத் தடுமாறினால் அதுவும் ஒரு தகவல்தான். மிச்ச விடை வீட்டில், எத்தனை வாய்க்கு எத்தனை வேளை தீனி போடுகிறோம் என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பெட்டியில் அச்சடித்துத் தர யாராலும் முடியாது.