அற்புதமும் வரலாற்றுச் சான்றும்

இயேசு நிகழ்த்திய அற்புதங்களை வரலாறு மெய்ப்பிக்குமா என ஆராய்வோர், ஸ்காத்லாந்து மெய்யியலறிஞர் டேவிட் ஹியூமைத் தவிர்த்துச் செல்ல இயலாது. 1748இல் வெளிவந்த கட்டுரையில் அவர் நிறுவ முயன்றது இதுவே: இயற்கை நெறி மாறாதது என்பதற்கு மாந்தர் பட்டறிவு முழுவதும் சான்று, அதனை மீறிய நிகழ்ச்சிக்கோ சிலர் வாய்மொழி மட்டுமே சான்று. அவ்வாய்மொழி பொய்யாதல் அதனினும் பெரிய அற்புதமாக இருந்தாலன்றி, அதனை ஏற்றலாகாது.

வாதம் வலியது, ஆயின் குறையற்றதன்று. இயற்கையின் மாறா நெறி என நாம் கூறுவதிற் பெரும்பகுதியும் பிறர் வாய்மொழியால் அறிந்ததே என 1762இல் மறுப்பெழுதினார் ஜார்ஜ் கேம்பல். ஹியூமின் அன்பர்கள் இம்மறுப்பை எளிதாகக் கடந்துவிடுகின்றனர்.

ஹியூம் தந்த எடுத்துக்காட்டொன்று இவ்விவாதத்தின் உயிர்நிலை எனலாம். உரோமைப் பேரரசர் வெஸ்பாசியன் அலெக்சாந்திரியாவில் தம் உமிழ்நீரால் கண்ணிழந்த ஒருவருக்குப் பார்வையளித்தார் என வரலாற்றாசிரியர் தாசித்தசு எழுதியுள்ளார். மாற்கு நற்செய்தியிலும் பெத்சாயிதாவில் இயேசு உமிழ்நீரால் அவ்வாறே செய்கிறார். பேரரசரின் செயல் கி.பி. 70ஐ ஒட்டியது, மாற்கு எழுதப்பெற்றதும் ஏறத்தாழ அக்காலமே என்பர் ஆய்வாளருட் பலர். பொய்யுரைத்துப் பெறும் ஊதியம் ஏதுமில்லாத பிற்காலத்தும் கண்டோர் அதனைச் சொல்லி வந்தனர் என்கிறார் தாசித்தசு. நற்செய்திக்காக வழக்காடுவோர் காட்டும் காரணமும் இதுவன்றோ! உடன் வந்த நோயாளிக்குக் கையில் ஊனம் என்பார் தாசித்தசு. காலில் என்பார் சுவெத்தோனியசு. இத்தகைய முரண்கள் நற்செய்திகளிலும் உள. முரண் ஒன்றையே கொண்டு புனைவெனத் தள்ளுதல் முறையன்று.

பேரரசர் கதையை ஐயுறுதல் எளிது. புதிதாய் ஆட்சி ஏற்றவருக்குத் தெய்வ அருளின் அடையாளம் வேண்டியிருந்தது. நோயாளியின் பார்வை முற்றும் அழியவில்லை என மருத்துவர் முன்னரே கூறியதையும் தாசித்தசே குறிக்கிறார். அதே உரைகல்லில் மாற்குவின் கதையையும் உரைத்தல் வேண்டும். அங்கே குணம் உடனே முற்றுப்பெறவில்லை. முதலில் மனிதர் நடமாடும் மரங்கள்போல் தோன்றினர், இயேசு மீண்டும் கைவைத்தபின்னரே தெளிவு பிறந்தது. புகழுக்காகப் புனைபவர் இத்தடுமாற்றத்தை எழுதியிரார். மத்தேயுவும் லூக்காவும் இக்கதையையே விட்டுவிட்டனர். செய்தி பழையது என்பதற்கு இது நல்ல சான்று. குணமாக்கிய ஆற்றல் எது என்பதற்குச் சான்றாகாது.

உயிர்த்தெழுதலுக்கான சான்று இதனினும் வலியது. இயேசு இறந்து ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குள் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய மடலில் கண்டோர் வரிசை உள்ளது. நெடுங்காலம் கழித்து வளர்ந்த கட்டுக்கதை எனக் கூறுவோர் இம்மடலை மறந்தவராவர். ஆயினும் பேதுருவுக்குத் தோன்றியதையும் தமக்குத் தோன்றியதையும் பவுல் ஒரே வினைச்சொல்லாற் குறிக்கிறார். அப்போஸ்தலர் பணி நூலோ, பவுல் கண்டது ஒளி, கேட்டது குரல் என்கிறது. ஏனையோர் கண்டதும் அத்தகையதோ என்பதற்கு அம்மடலில் விடையில்லை.