பாபரில் இல்லாத பின்சீட்

ஒரு பாபர் பைக்கைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதில் இல்லாத சாமான்கள்தான். முன் மட்கார்டு இருக்காது, இருந்தாலும் பேருக்கு ஒரு துண்டு. பின் மட்கார்டு பாதியில் நின்றுவிடும். பின்சீட் கிடையாது. பெயரே அதுதான். சலூனில் சொல்கிற பாப் கட்டிங்கில் வரும் அதே ‘பாப்’, அதாவது குட்டையாக நறுக்குவது. அமெரிக்காவில் 1930, 40களில் இந்த வேலைக்கு ‘பாப் ஜாப்’ என்று பெயர்.

அன்றைக்கு நறுக்கியவர்களுக்குக் காரணம் இருந்தது. 1934 முதல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் ‘கிளாஸ் சி’ என்ற பந்தயப் பிரிவை நடத்தியது. பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த வண்டிகளுக்கு அதில் இடமில்லை. யாரும் கடையில் வாங்கக்கூடிய வண்டிதான் ஓட வேண்டும். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து, களத்தில் விளக்கையும் மட்கார்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயம் ஓடி, திரும்ப மாட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. மாட்டாமலே போனவர்களிடமிருந்து ஒரு பாணி பிறந்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஹார்லி டபிள்யூஎல்ஏ வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. கனமான வண்டி, காலிப் பாக்கெட். இன்ஜினைப் பெரிதாக்கப் பணம் வேண்டும், மட்கார்டைக் கழற்ற ஸ்பானர் போதும். தெற்கு கலிஃபோர்னியாவில் மழையும் குறைவு. இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இப்போது கம்பெனிகளே நறுக்கித் தருகின்றன. ட்ரையம்ஃபின் 2017 மாடல் பானவில் பாபர் 1200 சிசி. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்தான், ஆனால் வெளியில் பழைய கார்புரேட்டர் மாதிரி ஒரு வேஷம். பின்பக்க ஷாக் அப்சார்பர் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்பிரிங்கே இல்லாத பழைய வண்டி என்றுதான் நினைப்போம். ஹார்லி இந்த வித்தையை 1984லேயே சாஃப்டெயில் என்ற பெயரில் செய்தது. என் நண்பர்கள் வட்டத்தில் இதற்கு ஒரே வார்த்தை விமர்சனம்தான்: “ஃபேக்குடா.”

எனக்கு அதில் உடன்பாடில்லை. 40களில் பின் ஸ்பிரிங் இல்லாமல் ஓட்டியவர்கள் அழகுக்காக அப்படி ஓட்டவில்லை. ஹார்லியின் பெரிய வண்டிகளுக்குப் பின் சஸ்பென்ஷன் வந்ததே 1958ல்தான். இல்லாததைக் கழற்றவா முடியும்? அந்தக் கஷ்டத்தின் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு முதுகைக் காப்பாற்றுகிற வண்டியை நான் போலி என்று சொல்ல மாட்டேன்.

ஜாவா பெராக் மட்டும் என்னைக் கொஞ்சம் சிரிக்க வைக்கிறது. 2019 இறுதியில் இந்தியாவில் அறிமுகமான, ஒற்றை சீட் போட்ட பாபர் அது. பெயர் வந்தது 1946ன் செக் வண்டியிலிருந்து. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ரகசியமாக உருவான அந்த வண்டியின் பெருமையே பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இருந்ததுதான். பெயரும் அந்த ஸ்பிரிங்கால் வந்ததே. உலகத்தில் பாதி வண்டிகள் ஸ்பிரிங் இல்லாமல் குலுங்கிக்கொண்டிருந்த காலத்தில் “பார், என்னிடம் ஸ்பிரிங் இருக்கிறது” என்று சொன்ன வண்டி. அதே பெயரைச் சுமக்கும் இன்றைய வண்டி ஸ்பிரிங்கை சீட்டுக்கடியில் மறைத்து வைக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

உடுப்புக்கும் இதே கதைதான். ஷாட் கம்பெனியின் பெர்ஃபெக்டோ லெதர் ஜாக்கெட் 1928ல் வந்தது. அந்தக் குறுக்கு ஜிப் ஸ்டைலுக்காக வந்ததல்ல. குனிந்து ஓட்டும்போது காற்று நெஞ்சுக்குள் இறங்காமல் இருக்க. 1953ல் ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோ லெதர் ஜாக்கெட்டும் ட்ரையம்ஃப் வண்டியுமாக வந்த பிறகு, குளிரோடு அதற்கிருந்த தொடர்பு அறுந்தது. பார்பரின் மெழுகுத்துணி ஜாக்கெட் 1936ன் ஆங்கிலேய மழைக்குத் தைத்தது. இவற்றை மே மாதச் சென்னையில் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்பவர்களை எனக்குத் தெரியும், நானும் நின்றிருக்கிறேன். இன்றைக்கு நல்ல ரெட்ரோ ஜாக்கெட்டுக்குள் தோளிலும் முட்டியிலும் பாதுகாப்புப் பட்டைகள் ஒளிந்திருக்கின்றன. சீட்டுக்கடியில் ஒளிந்த ஸ்பிரிங் மாதிரி, இதுவும் உடம்பைக் காக்கிற பொய். ஓல்டு ஸ்கூல் என்று தாடையைத் திறந்துவிடும் அரை ஹெல்மெட் அந்த வகையில் சேராது. அந்தக் காலத்தில் அவர்களிடம் வேறு ஹெல்மெட் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

இவ்வளவு பேசுகிற நான் ஒரு வண்டியை நறுக்கியவன். அப்பா விட்டுப்போன புல்லட், தொண்ணூறுகளின் வண்டி. ஆறு வருடம் முன்னால் ஒரு மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் அதை பாபர் ஆக்கினோம். ‘ஆக்கினோம்’ என்பதே தப்பான வினைச்சொல். கோடில் தேவையில்லாத வரிகளை அழிக்கும்போது வருகிற அதே சந்தோஷம் எனக்கு. முன் மட்கார்டு போனது. பின்பக்கத்தை கிரைண்டர் வைத்து அறுத்தோம். பின்சீட், சாரி கார்டு எல்லாம் போனது. “தம்பி, சாரி கார்டாவது இருக்கட்டும்” என்றார் அண்ணன். நான் கேட்கவில்லை. அது ‘லுக்’கைக் கெடுத்தது.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். அம்மா சுற்றி வந்து பார்த்தாள். இருபத்தைந்து வருடம் அந்த வண்டியில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போனவள்.

“நல்லாத்தான் இருக்கு. நான் எங்கடா உக்காருவேன்?”

அமெரிக்கக்காரன் கழற்றியது எடையை. நான் கழற்றியது ஒரு ஆளை. அவர்களில் பலர் நறுக்கிய மட்கார்டு மேலேயே சின்னதாக ஒரு மெத்தை வைத்து ஆள் ஏற்றிக்கொண்டார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாணியை இறக்குமதி செய்தபோது அந்த மெத்தையை நான் விட்டுவிட்டேன். இந்தியச் சட்டத்துக்கு இது தெரிந்திருக்கிறது. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமலிருக்க, பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டுமென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123வது விதி சொல்கிறது. விதிப் புத்தகத்துக்குள் ஒரு புடவை முந்தானை. கம்பெனி கொடுத்த அடிப்படை வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, நான் செய்தது சட்டப்படியும் தப்பு.

அதனால்தான் சென்னை ராயல் என்ஃபீல்ட் 2024 நவம்பரில் இறக்கிய கோவன் கிளாசிக் 350ஐ என்னால் மட்டம் தட்ட முடியவில்லை. வெள்ளைப் பட்டை டயர், உயர்ந்த ஹேண்டில்பார் என்று அலங்காரம் கொஞ்சம் ஜாஸ்திதான், கல்யாண மண்டப வாசல் மாதிரி. ஆனால் பின்சீட்டைக் கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த பாபர்களில் வீட்டில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று யோசித்த வண்டி அதுதான்.

என் புல்லட்டில் அறுத்த மட்கார்டை ஒட்ட முடியாது, புதிதுதான் வாங்கினேன். சாரி கார்டு மட்டும் புதுப்பேட்டையில் பழைய சாமான்களுக்கு நடுவில் கிடைத்தது. யாரோ ஒருவர் வண்டியில் இருந்தது, ஒரு கம்பி உள்பக்கமாக வளைந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது நம்மளுது இல்லையே” என்றாள். ஏறி, ஒரு பக்கமாக உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.