தகேயோவின் தோளும் யமாதோவின் கேக்கும்

ஷோஜோ மாங்கா என்றால் ஜப்பானில் பெண்பிள்ளைகளுக்கான காமிக்ஸ். அதில் ஹீரோ எப்படி இருப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒல்லி உடம்பு, நெற்றியில் விழும் முடி, அளந்து பேசும் வாய். கதையும் பெரும்பாலும் ஹீரோயின் பார்வையில்தான் போகும். கவாஹாரா கஸுனே எழுதி அருகோ வரைந்த 'ஒரே மொனோகதாரி' இரண்டையும் மாற்றிப்போட்டது. 'ஒரே' என்பது ஜப்பானிய ஆண்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் கொஞ்சம் முரட்டுத்தனமான 'நான்'. (தமிழில் எழுதினால் வேறு அர்த்தம் வந்து நிற்கிறது, என்ன செய்ய!) கதை சொல்பவன் தகேயோ. மலை மாதிரி ஆள், தடித்த உதடு. அவன் ஆசைப்பட்ட பெண்கள் எல்லாருக்கும் அவனுடைய அழகான நண்பன் சுனகாவாவைத்தான் பிடித்திருந்தது. 2016-ல் 13 தொகுதிகளோடு முடிந்த தொடர்.

பழைய அச்சை உடைத்த கதை என்று இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். உடைந்தது ஹீரோவின் முகம். யாருக்கு என்ன வேலை என்பது அப்படியே இருக்கிறது. ரயிலில் ஒருத்தன் யமாதோவிடம் தப்பாக நடக்கிறான், தகேயோ பிடிக்கிறான். தீப்பிடித்தால் தகேயோ உள்ளே பாய்கிறான். யமாதோ? கேக் செய்கிறாள். நன்றிக்கு ஒரு கேக், பிரியத்துக்கு ஒரு கேக். அவனுக்குப் புஜபலம், அவளுக்கு அடுப்படி.

இதில் ஒரு இடம் என்னை ரொம்ப உறுத்தியது. யமாதோ ஒரு கேக் கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்கிறாள். அங்கே தொழில்முறை கேக் கலைஞன் இச்சினோசே, ஒரு ஆண். அதாவது வீட்டில் செய்தால் அது பெண்ணின் அன்பு, கடையில் செய்தால் ஆணின் கலை! சரி, இவளுக்கும் கைத்திறமை இருக்கிறதே, இதைத் தொழிலாக எடுப்பாளா என்று கதை கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, இவளுக்குப் பொருத்தம் இவனா அவனா என்று போகிறது. நல்ல வாய்ப்பு, வீணாகிவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆசிரியரைப் பாராட்டியே ஆகணும். யமாதோ அப்பழுக்கில்லாதவள், தூய்மையானவள் என்று தகேயோ அவளைக் கோயில் சிலை மாதிரி வைத்துப் பார்க்கிறான். அது அவளுக்குப் பாரமாகிறது. நீ நினைக்கிற அளவுக்கு நான் ஒன்றும் தூய்மை இல்லை, எனக்கும் கையைப் பிடிக்க, நெருங்கி இருக்க ஆசை உண்டு என்கிற மாதிரி அவளே மனம் திறக்கிறாள். கதையின் உண்மையான உடைப்பு இதுதான். 'நல்ல பெண்' என்ற பட்டத்தை அவள் வாங்கிக்கொள்ள மறுக்கிறாள். அதற்காகக் கதை அவளைத் தண்டிக்கவும் இல்லை.

இன்னொன்று, தகேயோவின் அப்பா அம்மா. பலசாலி அம்மாதான், மகன் அச்சு அசல் அவளை மாதிரி. அப்பா சாதாரண உடம்புக்காரர். அந்த வீட்டில் யாருக்கும் இது விசித்திரமாகவே படவில்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் சிரிப்புக்கு மட்டும் வந்துபோகிறார்கள். அந்த இரண்டு பேரின் காதல் கதையைத் தனியாக எழுதியிருந்தால், இன்னொரு 13 தொகுதி என்றாலும் நான் வாங்கியிருப்பேன்.