சுற்றும் கம்பும் தொடும் கம்பும்: தாம்பரம் வட்டாரச் சிலம்ப வகுப்புகள் குறித்து

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் எனச் சென்னையின் தென்புறநகர்களில் தற்காப்புக் கலை வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளி மைதானம், பூங்கா, கோயில் திடல், அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம், மொட்டை மாடி என்று கிடைத்த இடத்தில் மாலை நேர வகுப்புகள் நடக்கின்றன. நெடுங்காலம் இந்த இடங்களில் கராத்தேயும் டேக்குவாண்டோவுமே இருந்தன. இப்போது சிலம்பமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆசான் என்றும் வாத்தியார் என்றும் அழைக்கப்பட்டவர் இங்கே 'மாஸ்டர்' ஆகிவிட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ன கற்பிக்கப்படுகிறது, அது என்ன பெயரில் கற்பிக்கப்படுகிறது என்பதே இங்கு கேள்வி.

சிலம்பம் பரவியதற்குக் காரணங்கள் உண்டு. தமிழக அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பம் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சான்றிதழுக்கு மதிப்பு வந்ததும் பெற்றோரின் ஆர்வமும் கூடியது. ஊர்த் திருவிழாக்களோடு ஒதுங்கிக் கிடந்த ஒரு கலைக்கு நகரத்துப் பிள்ளைகள் கிடைத்திருப்பது நல்ல செய்திதான்.

இனி கலைக்குள் போகலாம். சிலம்பப் பயிற்சியில் மூன்று பகுதிகளைப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது காலடி: எந்தக் காலை எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது, எப்படி விலகுவது. இரண்டாவது வீச்சு: கம்பை ஒற்றைக் கையாலும் இரு கைகளாலும் சுழற்றுவது. மூன்றாவது தொடுமுறை: இருவர் எதிரெதிரே நின்று, தன் மேல் அடி விழாமல் காத்துக்கொண்டு எதிராளியின் உடலைக் கம்பால் தொடுவது. கம்பு நுனியில் பொடி பூசிக்கொண்டு, யார் உடம்பில் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் உண்டு. பொட்டு பொய் சொல்லாது. அடி விழவில்லை என்று யாரும் சாதிக்க முடியாது.

புறநகர் வகுப்புகள் பலவற்றில் இந்த மூன்றில் நடுவில் உள்ளதே மொத்தக் கலையாகிவிட்டது. அதிலும் அலங்கார வீச்சு. பள்ளி ஆண்டு விழாவுக்கு இருபது பிள்ளைகள் ஒரே சீருடையில், ஒரே தாளத்தில், ஜிகினா சுற்றிய மெல்லிய கம்புகளைச் சுழற்றுகிறார்கள். அடுத்த கட்டம் பானை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது, ஆணிப்பலகை மேல் நின்று சுற்றுவது, சக்கரக் காலணியில் ஓடியபடி சுற்றுவது. பிறகு 'உலக சாதனை'. மணிக்கணக்கில் தொடர்ந்து சுற்றும் குழந்தையின் பொறுமை பெரியதுதான். ஆனால் பானை மேல் நிற்பவரால் காலடி வைக்க முடியாது. கண்ணைக் கட்டியவருக்கு எதிராளியே கிடையாது. சிலம்பத்தின் உயிரான இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு எஞ்சியதைச் சாதனை என்கிறோம்.

கம்பின் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆளின் நெற்றி உயரக் கம்பு ஏறக்குறைய ஐந்தரை அடி. அதை நடுவில் பிடித்துச் சுழற்றினால் ஒவ்வொரு பக்கமும் எட்டுவது இரண்டே முக்கால் அடிதான். ஒரு முனையருகே இரு கைகளாலும் பிடித்தால் முன்னால் நான்கு அடி வரை கம்பு நீளும். வேகமாகச் சுற்ற வசதியானது முதல் பிடி. ஆளை அண்டவிடாமல் தடுப்பது இரண்டாவது. மேலும், அலங்காரச் சுழற்சியில் கம்பு பெரும்பாலும் உடலின் பக்கவாட்டில் சக்கரமாக ஓடுகிறது. எதிரே நிற்பவரை நோக்கி வருவதில்லை. சுழற்சி வேகமாக வேகமாக விரல்களின் பிடி தளர்ந்தே இருக்க வேண்டும். அந்த நிலையில் இன்னொரு கம்பு குறுக்கே வந்து மோதினால் கம்பு கையைவிட்டுப் பறக்கும். காற்றை மட்டுமே அடித்துப் பழகிய பிள்ளைக்கு இந்த அனுபவம் ஒருமுறைகூட வாய்ப்பதில்லை.

வீச்சே வீண் என்று இதற்குப் பொருளில்லை. மணிக்கட்டும் தோளும் உறுதிப்பட, இடக்கையும் வலக்கைக்கு இணையாகப் பழக, அதைவிட நல்ல பயிற்சி அரிது. பலர் சூழ்ந்துகொண்டால் கம்பை நீளப் பிடித்து அகல வீசி இடம் ஒதுக்கிக்கொள்வதும் உண்மையான உத்திதான். சமையலுக்குக் கத்தி தீட்டுவது எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை வீச்சு. நாள் முழுக்கத் தீட்டிக்கொண்டே இருந்தால் சோறு வேகாது.

இதே சிக்கல் மற்ற நாட்டுக் கலைகளுக்கும் வந்திருக்கிறது. ஜப்பானில் வாட்பயிற்சி வெறும் அடவுகளாகச் சுருங்கிவிடும் அபாயம் இருந்தபோது, 18ஆம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் மார்புக் கவசமும் முகக் கவசமும் பயிற்சிக்கூடங்களில் பரவின. உயிருக்கு ஆபத்தில்லாமல் முழு வேகத்தில் அடித்துப் பழக வழி பிறந்தது. இன்றைய கெண்டோ அதன் வழியில் வந்ததே. 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான பிடிகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை இணங்காத எதிராளி மேல் முழு பலத்தோடு பழகச் செய்தார். சீனாவில் கதை வேறு. 2017-இல் ஷூ ஷியாவ்டொங் என்ற கலப்புச் சண்டை வீரர், தாய்ச்சி ஆசான் ஒருவரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அந்தக் காணொளி பரவியபோது, தோற்ற ஆசானைவிட ஷூ ஷியாவ்டொங் மேலேயே அதிகக் கோபம் பாய்ந்தது. பண்பாட்டை அவமதித்துவிட்டாராம்! நம் ஊரிலும் இந்த மனநிலைக்குக் குறைவில்லை. காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் ஷாவோலினுக்குச் சண்டை கற்றுத் தந்தார் என்று மேடைதோறும் சொல்கிறோம். அவரைச் சண்டைக்கலையோடு இணைக்கும் நூல் அவர் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிந்தைய 17ஆம் நூற்றாண்டினது. பெருமை பேசும் மேடையில் வகுப்பின் தரம் பற்றிக் கேட்பவர் துரோகியாகிவிடுகிறார்.

இதே சென்னையின் மறுமுனையில் இதற்கு மாற்று உண்டு. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் ஒருவரின் பெயர் நிற்பதும் விழுவதும் வளையத்துக்குள்தான். அழகாகக் காற்றில் குத்துகிறார் என்பதற்காக அங்கே யாரையும் தோளில் தூக்கியதில்லை. சினிமாவின் மேல் பழி போடுவதும் எளிது. முறையாகச் சிலம்பம் பயின்ற எம்.ஜி.ஆர். திரையில் கம்பெடுத்தபோது அலங்காரம் நிறையவே இருந்தது. ஆனாலும் அந்தக் காட்சிகளில் எதிரே ஓர் ஆள் நின்றார். இன்றைய ஆண்டு விழா மேடையில் அவரும் இல்லை.

அலங்கார வீச்சை ஆட்டக்கலையாக, உடற்பயிற்சியாகக் கற்பிப்பதில் தவறே இல்லை. கரகத்தைப் பார்த்து 'இது சண்டைக்கு உதவுமா' என்று யாரும் கேட்பதில்லை. வகுப்பின் பதாகையில் 'பெண் குழந்தைகளுக்கான தற்காப்பு' என்று எழுதும்போதுதான் பொறுப்பு வருகிறது. அதை நம்பி ஒரு தாய் பணம் கட்டுகிறார். தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் இரவு ஒன்பது மணிக் கூட்டத்தில் யாரிடமும் ஐந்தரை அடிக் கம்பு இருக்காது. இருந்தாலும் சுழற்ற இடமிருக்காது. அங்கே உதவக்கூடியவை விலகும் காலடி, தூரம் பற்றிய உணர்வு, ஒருவர் பாய்ந்து வரும்போது உறைந்துபோகாத மனம், உரக்கக் கத்தும் துணிவு, ஓடும் கால். இவற்றில் முதல் மூன்றையும் தொடுமுறை கற்றுத் தருகிறது. ஏனெனில் அங்கே எதிரே நிற்பவர் ஒத்துழைப்பதில்லை. இணங்கி நிற்கும் தோழியின் கையைப் பத்து முறை உதறிவிட்டு 'விடுவித்துக்கொள்ளக் கற்றுவிட்டாள்' என்று சொல்வது ஆபத்தான பொய். தன்னால் முடியும் என்று நம்பிய பெண் ஓடியிருக்க வேண்டிய இடத்தில் நின்றுவிடக்கூடும்.

தொடுமுறையைக் கற்பிப்பதற்குத் தடை பணமும் அச்சமும். தலைக்கவசம், மார்புக் காப்பு, கையுறை வாங்க வேண்டும். விரலில் அடிபட்டால் பெற்றோர் மறுநாளே வந்து நிற்பார்கள். பஞ்சு சுற்றிய கம்பும் தலைக்கவசமும் இரண்டிரண்டு இருந்தாலே வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து மோதிப் பழகலாம். இன்னொரு தடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை: தொடுமுறை பார்ப்பதற்குச் சுவாரசியமாக இருக்காது. இரண்டு பிள்ளைகள் கம்பை நீட்டியபடி சுற்றிச் சுற்றி வருவார்கள். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. சட்டென்று ஒரு குத்து, தோளில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஆண்டு விழாவில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது. வகுப்பில் சேர்க்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியது விழா மேடையை அல்ல, சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறார்களா, எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தே நிற்கிறார்களா என்பதை.